வேலைவாய்ப்புச் சந்தையைக் கணிக்கும் பொருளாதார வல்லுநர் வேலை: உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

முதுகலை_முடிந்தது:

வணக்கம். பொருளாதாரத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் முறையில் ஆராயும் எகனாமெட்ரிக்ஸ் பிடித்த பாடம். அடுத்து எந்தப் பக்கம் போகலாம் என்று தேடியதில் வேலைவாய்ப்புச் சந்தையைக் கணிக்கிற வேலை கண்ணில் பட்டது. அடுத்த மாதம் வேலையின்மை விகிதம் எங்கே நிற்கும், பத்து வருடத்தில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு ஆள் வேண்டியிருக்கும் என்று சொல்கிறார்களே, அதுதான். அந்த எண்ணைப் பார்த்து ஒரு மத்திய வங்கி வட்டியை மாற்றுகிறது, ஒரு மாணவர் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்று நினைத்தால், உழைப்பைக் கொட்டத் தகுந்த வேலையாகத்தான் படுகிறது.

ஆனால் யாரிடம் கேட்டாலும் இரண்டே பதில். ஒன்று, "கணிப்பெல்லாம் தப்பாகத்தான் போகும், 2020-இல் என்ன ஆனது பார்த்தாய் அல்லவா". இன்னொன்று, "இனிமேல் அதையும் ஏஐ பார்த்துக்கொள்ளும்". இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன முடிவெடுப்பது?

இந்த வேலையில் இருப்பவர்கள் நாள் முழுக்க உண்மையில் என்ன செய்கிறீர்கள், கணிப்பு தவறும்போது என்ன ஆகிறது, யார் வேலைக்கு எடுக்கிறார்கள், பிஎச்டி இல்லாமல் நுழைய முடியுமா, இவற்றைத் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

முதல்_வெள்ளி:

ஒரு நிதி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் குறுகிய காலக் கணிப்பு செய்கிறேன், பெரும்பாலும் அமெரிக்கத் தரவு. 2020 பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது.

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேல் வேலைகள் போயின, வேலையின்மை 14.7 சதவீதம் என்று அறிவித்தார்கள். மே மாதத்துக்கு எங்கள் துறையில் ஏறக்குறைய எல்லோரும் இன்னும் பல லட்சம் வேலைகள் போகும், விகிதம் 20 சதவீதத்தை நெருங்கும் என்றுதான் கணித்திருந்தார்கள். ஜூன் 5 அன்று வந்த அறிக்கையில் வேலைகள் 25 லட்சம் கூடியிருந்தன, விகிதம் 13.3. பார்க்கப் பெரிய சறுக்கல்தான், ஆனால் எங்கே சறுக்கியது என்று பாருங்கள். வாராவாரம் வரும் வேலையின்மைக் காப்பீட்டு விண்ணப்பங்கள் மலைபோலக் குவிந்துகொண்டிருந்தன, எல்லோருடைய கணித மாதிரியும் (மாடல்) அதன்மேல்தான் நின்றது. விண்ணப்பம், வேலையை இழந்தவரை எண்ணும். திரும்பக் கூப்பிடப்பட்டவரை எண்ணாது. ஏப்ரலில் வேலையில்லாதவர்களாகப் பதிவானவர்களில் சுமார் 1.8 கோடிப் பேர் தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர்கள், அதாவது முதலாளியோடு தொடர்பு அறுந்துபோகாதவர்கள். கடைகள் திறந்ததும் அவர்களில் ஒரு பகுதி நேராகத் திரும்பிப் போனது. இந்தத் தகவல் முந்தைய மாத அறிக்கையின் ஒரு அட்டவணையில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது.

அதோடு முடியவில்லை. அந்த 13.3-ம் சுத்தமான எண் இல்லை என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகமே அதே அறிக்கையில் ஒரு குறிப்பு போட்டிருந்தது. நோய்த்தொற்றால் வேலைக்குப் போகாமல் இருந்த பலரை, "வேலையில் இருக்கிறார், ஆனால் வரவில்லை" என்ற கட்டத்தில் தவறாகப் பதிந்துவிட்டார்கள், சரியாகப் பதிந்திருந்தால் விகிதம் சுமார் 3 புள்ளி கூடியிருக்கும் என்று. தலைப்பு எண்ணை மட்டும் படித்தவருக்கு ஒரு கதை, கடைசிப் பக்கம் வரை படித்தவருக்கு வேறு கதை. என் பார்வையில் இந்தத் தொழில் இரண்டாவது ஆளுக்கானது.

நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்றால், மாதிரி ஓட்டுவதற்குப் போகும் நேரம் கொஞ்சம்தான். பெரும்பகுதி, ஒரு எண் எப்படி உருவானது என்று தோண்டுவதிலேயே போகும். வேலையில்லாதவர் என்பதற்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறை 1982-இல் உறுதியானது: வேலை இருக்கக் கூடாது, வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை பார்த்திருந்தாலே வேலையில் இருப்பவர்தான். தேடித் தேடி அலுத்து நிறுத்திவிட்டவர் வேலையில்லாதவர் பட்டியலிலிருந்தே வெளியே போய்விடுவார், விகிதம் இறங்கும். அதனால் விகிதம் இறங்கிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது பங்கேற்பு விகிதத்தைத்தான், அதாவது மக்களில் எத்தனை பங்கு பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள் என்பதை.

அப்புறம் அமெரிக்காவில் இரண்டு கணக்கெடுப்பு. வீட்டுக் கணக்கெடுப்பு சுமார் 60,000 வீடுகளில், 12-ஆம் தேதி வரும் வாரத்தைப் பற்றிக் கேட்பது. நிறுவனக் கணக்கெடுப்பு சம்பளப் பட்டியலைப் பார்ப்பது. முதலாவது ஆளை எண்ணும், இரண்டாவது வேலையை எண்ணும், இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் இரண்டாவதில் இரண்டு தடவை வருவார். சுயதொழில் செய்பவர் இரண்டாவதில் வரவே மாட்டார். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிற மாதங்கள் உண்டு, அன்றைக்குத்தான் எங்களுக்கு உண்மையான வேலை. சம்பளக் காலம் முழுக்க வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர், அந்த வாரத்தில் புயல் அடித்ததா, வருடாவருடம் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தை நீக்கும் பருவகாலத் திருத்தம் ஏதாவது விளையாட்டுக் காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

படிவமும்_பதிலும்:

நான் எண்களைத் தயாரிக்கும் பக்கத்திலிருந்து வருகிறேன், ஒரு புள்ளியியல் அலுவலகத்தில் கணக்கெடுப்புப் பணி. மேலே நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இன்றைக்குக் கணிப்பவர்களுக்கு இருக்கிற பெரிய ஆபத்து மாதிரியில் இல்லை, கேள்வி கேட்டால் மக்கள் பதில் சொல்வதில்லை என்பதில் இருக்கிறது.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் பதில் தருபவர்கள் குறைந்துகொண்டே வந்து, 2023-இல் தொடர்புகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர்கூடப் பதில் தரவில்லை என்ற நிலை. அந்த ஆண்டு அக்டோபரில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் அந்தக் கணக்கெடுப்பின் வழக்கமான எண்களை வெளியிடுவதையே நிறுத்தி, வரிப் பதிவுகளை வைத்து ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. வட்டி விகிதம் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மத்திய வங்கிக்கு நம்பகமான வேலையின்மை எண் இல்லை.

திருத்தங்கள் பற்றியும் வெளியே நிறையத் தவறான பேச்சு உண்டு. அமெரிக்க நிறுவனக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டால், முதல் எண் என்பது கெடுவுக்குள் பதில் அனுப்பிய நிறுவனங்களை வைத்துப் போட்டது. மற்றவர்கள் அனுப்ப அனுப்ப அடுத்த இரண்டு மாதமும் அது திருத்தப்படும், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டு நேர்செய்வார்கள். அந்தப் பதிவுகள் கிட்டத்தட்ட எல்லா வேலைகளையும் உள்ளடக்கியவை, ஆனால் மாதக் கணக்கில் தாமதமாக வரும். 2024 ஆகஸ்டில் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தபோது அமெரிக்க வேலைகள் 8.18 லட்சம் கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்ததாக முதற்கட்ட மதிப்பீடு வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று உடனே கூச்சல். ஏமாற்றுவதாக இருந்தால் ஏன் தாங்களே கூட்டிப் பார்த்து வெளியிடப் போகிறார்கள்? 2025 ஆகஸ்டு 1 அன்று மே, ஜூன் மாத எண்கள் சேர்த்து 2.58 லட்சம் குறைத்துத் திருத்தப்பட்டன, அன்றைக்கே அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் ஆணையரை அதிபர் பதவி நீக்கினார். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும். பிடிக்காத எண்ணைச் சொன்னதற்காக ஒருவர் வேலையை இழக்கிற காலம் இது, அப்படியும் அந்த எண்ணைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களால்தான் உங்கள் கணிப்புக்கு ஒரு அடித்தளம் இருக்கிறது.

இந்தியத் தரவில் வேலை செய்ய நினைத்தால் இன்னொரு சிக்கல். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வழக்கமான நிலை என்று ஒன்று, கடந்த 365 நாளைப் பார்ப்பது. நடப்பு வார நிலை என்று இன்னொன்று, கடந்த 7 நாளைப் பார்ப்பது. அறுவடைக் காலத்தில் மட்டும் வேலை கிடைக்கிற ஒருவர் முதலாவதில் வேலையில் இருப்பவர், அறுவடை இல்லாத வாரத்தில் கேட்டால் இரண்டாவதில் வேலையில்லாதவர். இரண்டும் பொய் இல்லை. 2017-18-இல் இந்தக் கணக்கெடுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் பெரிய கணக்கெடுப்பு சுமார் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும், நாடு முழுமைக்குமான மாத எண்கள் 2025-இலிருந்துதான் வருகின்றன. அவ்வளவு குட்டையான தொடரை வைத்து மாதக் கணிப்பு சொல்கிறவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

முதுகலை_முடிந்தது:

மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. நீண்ட காலக் கணிப்பு பற்றியும் யாராவது சொல்வீர்களா? ஏஐ வந்தால் எந்த வேலை போகும் என்கிற மாதிரி. உண்மையைச் சொன்னால் என்னை இந்தப் பக்கம் இழுத்ததே அதுதான்.

தொழில்_அட்டவணை:

அது என் பகுதி. தொழில்வாரியான பத்தாண்டுக் கணிப்பில் வேலை செய்கிறேன்.

செய்முறை வெளியே தெரிவதைவிட நிதானமானது. முதலில் மக்கள்தொகை. பத்து வருடம் கழித்து 25 வயது ஆகப்போகிறவர் இன்றைக்கு 15 வயதில் இருக்கிறார், அவரை எண்ணிவிடலாம். இடப்பெயர்வு ஒன்றுதான் அதில் நழுவும். வயது, பாலினம் வாரியாகப் பங்கேற்பு விகிதத்தைப் பெருக்கினால் உழைப்பாளர் எண்ணிக்கை. பிறகு மொத்தப் பொருளாதாரம், அதில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு கிராக்கி, ஒரு துறை இன்னொரு துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீடு அட்டவணை வழியாக எந்தத் தொழில்துறையில் எவ்வளவு உற்பத்தி, அதற்கு எத்தனை ஆள், கடைசியாக அந்தத் துறைக்குள் எந்தெந்தத் தொழில் எத்தனை சதவீதம். அமெரிக்கப் பணியகமும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் செய்கிறது, ஐரோப்பாவில் செடெஃபாப் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிற்பயிற்சி அமைப்பு திறன் கணிப்பு வெளியிடுகிறது. கடைசிப் படிதான் கடினமானது, ஏனென்றால் ஒரு தொழிலுக்குள் நடக்கும் வேலை மாறும், பெயர் மாறாது.

ஏஐ விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழுவது அங்கேதான். 2013-இல் ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 702 தொழில்களை எடுத்து, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். உலகம் முழுக்கப் பரவிய எண் அது. 2016-இல் பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓஇசிடிக்காகச் செய்த இன்னொரு ஆய்வு தொழிலை மொத்தமாக எடுக்காமல் ஒவ்வொருவரும் செய்யும் தனித்தனிப் பணிகளைப் பார்த்தது, எண் 9 சதவீதத்துக்கு வந்தது. ஒரே கேள்வி, எண்ணும் அலகு மாறியது, விடை ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. இதைப் படித்த பிறகு, எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் எதை எண்ணினார்கள் என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.

அதே 2016-இல் ஏஐ ஆய்வின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜி மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். நுட்பத்தில் அவரைவிட விவரம் தெரிந்தவர் யார்? ஆனாலும் பல நாடுகளில் இன்றைக்கும் ரேடியாலஜிஸ்டுகளுக்குத் தட்டுப்பாடு. படம் பார்ப்பது அவர்கள் செய்யும் பல வேலைகளில் ஒன்று, ஸ்கேன் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. ஏடிஎம் வந்தபோதும் இப்படித்தான். அமெரிக்காவில் நகரக் கிளை ஒன்றில் சராசரியாக 20 காசாளர் இருந்த இடத்தில் 13 பேர் ஆனார்கள், ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கிளைகளைக் கூட்டின, 1988-இலிருந்து 2004 வரை நகரக் கிளைகள் 40 சதவீதத்துக்கும் மேல் பெருகின, மொத்தக் காசாளர் எண்ணிக்கை விழவில்லை. ஆனால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்துகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பிற்பாடு கைபேசியிலேயே வங்கி வந்தபோது காசாளர் வேலை குறையத்தான் செய்தது. ஆக நுட்பம் என்ன செய்யும் என்பதைவிட, செலவு குறைந்தால் கிராக்கி எவ்வளவு கூடும், எது வரை கூடும் என்பதுதான் கணிக்க வேண்டியது. அதற்குப் பழைய பொருளாதாரப் பாடப்புத்தகம் போதும், பொறுமைதான் வேண்டும்.

யாரும் கேட்காத, ஆனால் மாணவர்களுக்கு ரொம்ப முக்கியமான ஒன்று: காலியிடங்களில் பெரும்பகுதி தொழில் வளர்வதால் வருவது இல்லை, ஓய்வு பெறுகிறவர்களும் வேறு தொழிலுக்குப் போகிறவர்களும் விட்டுப்போகும் இடம். சுருங்கும் தொழில் என்று பெயர் வாங்கியதில்கூட வருடாவருடம் ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள். வளர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு படிப்பை ஒதுக்கிவிடுகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கணிப்பே சந்தையை மாற்றிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. பொறியாளர்களுக்குத் தட்டுப்பாடு என்று சொன்னால் எல்லோரும் அதில் சேர்வார்கள், நான்கைந்து வருடம் கழித்து மொத்தமாக வெளியே வரும்போது வேலை இருக்காது, அடுத்த கூட்டம் பயந்து விலகும், மறுபடி தட்டுப்பாடு. ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970-களிலேயே அமெரிக்கப் பொறியாளர் சந்தையில் இந்தச் சுழற்சியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதனால் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், எந்த அனுமானம் மாறினால் எண் எவ்வளவு மாறும் என்று சேர்த்துச் சொல்வதை நான் கடமையாகவே பார்க்கிறேன், மேலே இருப்பவர்கள் ஒற்றை எண்தான் வேண்டும் என்று கேட்டாலும்.

முதுகலை_முடிந்தது:

ரேடியாலஜி உதாரணம் யோசிக்க வைத்துவிட்டது. கடைசியாக ஒன்று: பிஎச்டி, மென்பொருள், எங்கே விண்ணப்பிப்பது. அப்புறம் வேலைக்குப் போகும் முன் நானே வீட்டிலிருந்து செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

முதல்_வெள்ளி:

பிஎச்டி எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மத்திய வங்கியின் ஆய்வுப் பிரிவு, சர்வதேச நாணய நிதியம் மாதிரி இடங்களில் அது இல்லாமல் மேலே போவது கடினம். புள்ளியியல் அலுவலகம், தொழிலாளர் அமைச்சகம், வங்கிகளின் ஆய்வுக் குழு, ஆலோசனை நிறுவனங்கள், வேலைத் தளங்களான இன்டீட், லிங்க்ட்இன், சம்பளப் பட்டியல் சேவை தரும் ஏடிபி போலத் தாங்களே தரவு வைத்திருக்கும் நிறுவனங்கள், இங்கெல்லாம் முதுகலையோடு நுழையலாம். இந்தியாவில் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும் ஒரு வழி. நிரல் மொழிகளில் ஆர் அல்லது பைத்தான், ஏதாவது ஒன்று சரளமாக வர வேண்டும், தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் எஸ்கியூஎல் தெரிந்திருந்தால் நல்லது. இணைய வேலை விளம்பரத் தரவு இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், அதில் அலுவலக வேலைகள் அளவுக்கு மீறித் தெரியும், கட்டுமானத்திலும் வீட்டு வேலையிலும் ஆள் எடுப்பது அதிகம் தெரியாது என்பதை நேர்காணலில் நீங்களாகச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிப்பில், வேலை தேடுகிறவரும் ஆள் தேடுகிறவரும் எப்படிச் சந்திக்கிறார்கள் என்ற கோட்பாட்டை விடாதீர்கள், டயமண்ட், மார்ட்டென்சென், பிசாரிடிஸ் மூவருக்கும் 2010-இல் நோபல் வாங்கிக்கொடுத்தது. அது வெறும் பாடம் இல்லை. 2022 மார்ச்சில் அமெரிக்காவில் காலியிடங்கள் சுமார் 1.2 கோடி. வேலையின்மை பெரிதாக ஏறாமல் இது இறங்காது, வரலாற்றில் அப்படி நடந்ததில்லை என்று பொருளாதார வல்லுநர்கள் பிளான்ஷார், டோமாஷ், சம்மர்ஸ் எழுதினார்கள். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வாலரும் ஃபிகுராவும், இப்போது காலியிடம் இவ்வளவு அதிகமாக இருப்பதால், காலியிடத்துக்கும் வேலையின்மைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பெவரிட்ஜ் வளைகோட்டின் செங்குத்தான பகுதியில் இருக்கிறோம், வேலையின்மை அதிகம் ஏறாமலே காலியிடம் இறங்க முடியும் என்றார்கள். 2024 நடுவில் காலியிடங்கள் 80 லட்சத்துக்கும் கீழே வந்தன, வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள், ஒரே தரவு. வளைகோட்டின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்ற கேள்விதான் முடிவு செய்தது.

விதிகளையும் இப்படியே படியுங்கள். வேலையின்மையின் மூன்று மாதச் சராசரி, முந்தைய 12 மாதத்தின் மிகக் குறைந்த அளவைவிட 0.5 புள்ளி ஏறினால் மந்தநிலை தொடங்கிவிட்டது என்பது பொருளாதார வல்லுநர் கிளாடியா சாம் சொன்ன விதி. 2024 ஜூலைத் தரவில் அந்த அளவு தாண்டியது, மந்தநிலை வரவில்லை. புதிதாக வேலை தேடி வந்தவர்கள் பெருகியதும் விகிதத்தை ஏற்றியிருக்கிறது, இந்தத் தடவை விதி மிகைப்படுத்தக்கூடும் என்று அவரே முன்னால் வந்து சொன்னார். தன் பெயரில் இருக்கும் விதியைப் பற்றி அப்படிப் பேசுவது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் பட்டது.

ஏஐ எங்கள் வேலையை எடுக்குமா என்றால், தரவு சுத்தம் செய்வது, நிரல் எழுதுவது, அறிக்கையின் முதல் வரைவு, இதெல்லாம் ஏற்கெனவே வேகமாகிவிட்டது. மே 2020 குறிப்பைப் படித்துவிட்டு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து, நிர்வாகக் குழுவின் முன் நின்று அதற்குப் பொறுப்பேற்பதற்கு இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் ஆரம்பநிலைப் பணியிடங்களுக்குப் போட்டி கூடும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

வீட்டிலிருந்து செய்ய: செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் நடத்தும் ஃப்ரெட் என்ற பொருளாதாரத் தரவுத் தளம் தெரிந்திருக்கும். அதனோடு ஆல்ஃபிரெட் என்று ஒரு காப்பகம் இருக்கிறது, ஒவ்வொரு தேதியிலும் தொடர் எப்படி வெளிவந்ததோ அப்படியே கிடைக்கும், இலவசம். 2008 செப்டம்பர் தொடக்கத்தில் கிடைத்த தரவை மட்டும் இறக்கி, அதற்குப் பின்னால் வந்த எதையும் பார்க்காமல் அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு கணிப்பு எழுதுங்கள். காரணங்களோடு, ஒரு பக்கத்துக்கு மிகாமல், பொருளாதாரம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி. எழுதி முடித்த பிறகு இன்றைய தொடரைத் திறந்து பாருங்கள். அந்த ஆகஸ்டில் 84,000 வேலைகள் போனதாகத்தான் முதலில் அறிவித்தார்கள், இன்றைய தொடரில் அதே மாத இழப்பு 2.5 லட்சத்துக்கும் மேல். அப்போது மேசையில் இருந்தவர்களிடம் முதல் எண்தான் இருந்தது. உங்கள் ஒரு பக்கத்தை இங்கேயே போடுங்கள், நானும் படித்துச் சொல்கிறேன்.

படிவமும்_பதிலும்:

போடும்போது வீட்டுக் கணக்கெடுப்பை எடுத்தீர்களா நிறுவனக் கணக்கெடுப்பையா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இரண்டும் அந்த ஆறு மாதத்தில் ஒரே வேகத்தில் இறங்கவில்லை.